ஃபோர்டு ஐகான்: மறைமலைநகரில் பிறந்த செடான், அது ஏன் நின்றுபோனது?

#1 ஜிஎஸ்டி_சாலை

போன மாதம் அப்பாவின் ஐகானுக்கு ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் போயிருந்தேன். 2001 மாடல், 1.6 பெட்ரோல். வண்டியைப் பார்க்க வந்த இளம் அதிகாரி பானெட்டைத் திறந்து உள்ளே இருந்த தகட்டைப் படித்துவிட்டு, "இது நம்ம ஊரில் செய்ததா சார்?" என்று கேட்டார். ஆமாம், மறைமலைநகரில்தான் என்றேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, இந்த வண்டி நின்று பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் வீடு திரும்பும் வழி முழுக்க அந்தக் கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஐகானின் கதையைத் தமிழில் ஒரே இடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மீதியை நீங்கள் சொல்லுங்கள்.

ஃபோர்டு இங்கே முதலில் வந்தது 1926ல், கனடா ஃபோர்டின் துணை நிறுவனமாக. சுதந்திரத்துக்குப் பின் சில வருடங்களில், 1950களின் தொடக்கத்தில், கடையைக் கட்டிவிட்டார்கள். திரும்பி வந்தது 1995ல், மஹிந்திராவோடு பாதிக்குப் பாதி கூட்டாக. முதல் வண்டி எஸ்கார்ட், நாசிக்கில் பூட்டப்பட்டது. நல்ல கெட்டியான வண்டிதான். ஆனால் ஐரோப்பாவில் அதன் காலம் முடிந்துகொண்டிருந்தது, 1998ல் அங்கே அதன் இடத்துக்கு ஃபோகஸ் வந்துவிட்டது. 'வெளிநாட்டில் பழசானதை இங்கே தள்ளுகிறார்கள்' என்ற பேச்சு அப்போது எல்லா வெளிநாட்டுக் கம்பெனிகளைப் பற்றியும் இருந்தது. எஸ்கார்ட்டும் அதில் மாட்டிக்கொண்டது.

1998ல் ஃபோர்டு தன் பங்கை 72 சதவீதமாக உயர்த்தி, கம்பெனியின் பெயரையும் ஃபோர்டு இந்தியா என்று மாற்றியது. சென்னைக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டரில் மறைமலைநகர் தொழிற்சாலை எழுந்தது. தனித்தமிழுக்காக வாழ்ந்த மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய ஊர் அது. 1999 நவம்பரில் அங்கிருந்து வந்தது ஐகான்.

இந்த வண்டியைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இது வேறு ஊருக்காகச் செய்து இங்கே கொண்டுவந்து விற்ற வண்டி அல்ல. அடித்தளம் ஐரோப்பாவின் நான்காம் தலைமுறை ஃபியஸ்டா, உண்மை. ஆனால் அதன் முதுகில் ஒரு டிக்கியை ஒட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. சி195 என்ற உள்பெயரில், இந்தியாவை மனதில் வைத்துத் தனி செடானாகவே வரைந்தார்கள். முன் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை ஃபியஸ்டாவைவிட 40 மில்லிமீட்டர் நீட்டி 2,486 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். ஏன்? நம் ஊரில் கார் வாங்குகிறவர்களின் குடும்பம் பின்சீட்டில்தான் உட்காரும். அப்பா வண்டி எடுத்த அன்று பாட்டி பின்பக்கம் ஏறி, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு காலை நீட்டிப் பார்த்துவிட்டு, "முட்டி இடிக்கவில்லை" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த 40 மில்லிமீட்டர் எதற்கு என்பது பாட்டிக்குத் தெரியாது. ஆனால் அது அவருக்காகப் போட்டதுதான்.

'ஜோஷ் மெஷின்' (ஜோஷ் என்றால் இந்தியில் உற்சாகம்) என்ற விளம்பரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அது வண்டி ஓட்டுகிற பையன்களுக்கான பெயர். பாட்டிக்கும் பையனுக்கும் சேர்த்து ஒரே வண்டியைக் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. 2011ல் அது நின்றுபோனது. ஏன் என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

#2 ரோக்காம்_ரசிகன்

அண்ணா, அருமையான தொடக்கம். இன்ஜின் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வந்தபோது மூன்று இன்ஜின்கள். 1.3 பெட்ரோல், 1.6 பெட்ரோல், 1.8 டீசல். முதலில் வந்த 1.3ன் பெயர் எண்டூரா-இ. வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் கீழே, பிளாக்குக்குள் இருக்கும். அங்கிருந்து புஷ்ராடு என்ற கம்பி வழியாக மேலே வால்வைத் தள்ளும். இந்தப் பரம்பரை 1959ல் இங்கிலாந்தின் ஃபோர்டு ஆங்கிலியாவில் தொடங்கியது. ஆக, 1999ல் புதுச் செடான் வாங்கியவர் பானெட்டுக்கு அடியில் நாற்பது வருட வம்சம் ஓடியது. கொஞ்ச காலத்திலேயே அதை எடுத்துவிட்டு 1.3 ரோக்காம் போட்டார்கள்.

ரோக்காம் என்றால் ரோலர் ஃபிங்கர் கேம்ஷாஃப்ட் என்பதன் சுருக்கம். கேம்ஷாஃப்ட் தலைக்கு மேல் வந்துவிட்டது. கேம் நேராக உலோகத்தின் மேல் தேய்க்காமல் ஒரு சின்ன உருளையின் மேல் உருளும். உராய்வு குறைவு, கீழ்ச்சுற்றிலேயே இழுவை. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். கேமை ஓட்டுவது பெல்ட் அல்ல, செயின். அதனால் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை டைமிங் பெல்ட் மாற்று என்ற கவலையே கிடையாது. பிரேசிலின் டவுபதே தொழிற்சாலையில் இதே குடும்பத்து இன்ஜின்கள் லட்சக்கணக்கில் வெளிவந்தன.

1.6க்குச் சுமார் 92 குதிரைத்திறன். காகிதத்தில் ஹோண்டா சிட்டியின் எண்ணைவிடக் குறைவு. ஆனால் சிட்டியின் சக்தி மேல்சுற்றில் இருக்கும், மிதித்து எடுக்க வேண்டும். ஐகானில் 2,500 சுற்றை ஒட்டியே முழு இழுவை வந்துவிடும். மூன்றாம் கியரில் ஒரு லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் கியரைக் கீழே போடாமல் மிதித்தாலே போதும். சிலிண்டருக்கு இரண்டாக மொத்தம் எட்டு வால்வுதானே என்று அப்போது பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டு வழிச் சாலையில் ஓட்டியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் அதன் சேஸிஸ். இதே ஃபியஸ்டா அடித்தளத்தில்தான் ஐரோப்பாவில் ஃபோர்டு பூமா என்ற இரண்டு கதவு கூப்பேயும் வந்தது. அந்தக் காலத்து ஐரோப்பிய ஃபோர்டுகளின் ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் அவ்வளவு நன்றாக இருந்ததற்குக் காரணமான பொறியாளர் ரிச்சர்ட் பாரி-ஜோன்ஸ். மாண்டியோ, கா, ஃபோகஸ் ஆகிய ஃபோர்டு கார்கள் எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது. அந்த வம்சம் ஐகானின் ஸ்டியரிங்கில் தெரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே மூச்சில் ஏறி இறங்கியிருக்கிறேன். முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்று கைக்கு ஒவ்வொரு வளைவிலும் தெரிந்துகொண்டே இருந்தது. இன்றைய எலக்ட்ரிக் ஸ்டியரிங் வண்டிகளில் அந்தப் பேச்சு எனக்குக் கேட்பதில்லை.

#3 நெல்லை_டீசல்

பெட்ரோல்காரர்களே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? எங்கள் வீட்டில் ஓடியது 1.8 டீசல். டர்போ கிடையாது, 60 குதிரைத்திறன்தான். காலையில் ஸ்டார்ட் செய்தால் தெரு முழுக்க நம் வீட்டு வண்டி கிளம்புகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானுமாகத் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு எத்தனை தடவை வந்திருக்கிறது என்று கணக்கே இல்லை. எஸ்கார்ட்டில் இருந்ததும் இந்த 1.8 டீசல் குடும்பம்தான்.

நாற்கரச் சாலை வராத காலம். மேலூர் தாண்டினால் இருட்டு. எதிரே வருகிற பஸ் ஹைபீமில் கண்ணைக் குத்தும். அப்போதெல்லாம் அப்பா வேகத்தைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஒரே சீராக ஓட்டுவார். அந்த இன்ஜினின் குணமும் அதேதான்.

2008ல் வந்த 1.4 டிடிசிஐ டீசல் வேறு ரகம். எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் முறை, ஃபோர்டும் பியூஜோ-சிட்ரோயன் குழுமமும் சேர்ந்து உருவாக்கிய இன்ஜின். சத்தம் குறைவு, மைலேஜ் நன்றாக இருக்கும். என் மாமா வைத்திருந்தார். ஓட்டிப் பார்த்தபோது, இது ஆரம்பத்திலேயே கிடைத்திருந்தால் கதையே வேறாகியிருக்கும் என்று தோன்றியது.

#4 ஜிஎஸ்டி_சாலை

நெல்லை நண்பரே, நீங்கள் கடைசியில் சொன்ன இடத்தில்தான் என் கருத்து தொடங்குகிறது.

2006 பிப்ரவரி பட்ஜெட். நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். எது சிறிய கார்? நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்றால் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள்.

இப்போது ஐகானை அந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். நீளம் 4.14 மீட்டர். பெட்ரோல் 1.3 என்பது 1,299 சிசி. நீளத்திலும் தோல்வி, இன்ஜினிலும் தோல்வி. 2008ல் வந்த 1.4 டீசல் 1,399 சிசி, அது இன்ஜினில் தேறிவிடும். நீளத்தில் 14 சென்டிமீட்டர் கூடுதல். ஒரு சாண்கூட இல்லை! அந்த இடைவெளிக்காக, 2006 பட்ஜெட் கணக்கிலேயே, வரியில் 8 சதவீதப் புள்ளி வித்தியாசம். விலையைப் பார்த்து வாங்கும் சந்தையில் அது சாதாரண சுமை இல்லை.

டாடா என்ன செய்தது? இண்டிகோவின் பின்பக்கத்தை வெட்டி 4 மீட்டருக்குள் கொண்டுவந்து 2008ல் இண்டிகோ சிஎஸ் என்று விட்டது. அழகை விட்டுக்கொடுத்து வரியைப் பிடித்தார்கள். ஐகானுக்கு யாரும் அதைச் செய்யவில்லை. ஆகவே என் தீர்ப்பு, ஐகானைக் கொன்றது அந்த 14 சென்டிமீட்டர்தான்.

#5 கணக்கு_வாத்தியார்

சார், எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் தீர்ப்பு தவறு என்று நினைக்கிறேன்.

மாருதி ஸ்விஃப்ட் டிசையர் 2008 மார்ச்சில் வந்தது. அந்த முதல் டிசையரின் நீளம் 4.16 மீட்டர். ஐகானைவிட 2 சென்டிமீட்டர் அதிகம். பெட்ரோல் இன்ஜின் 1.3. ஆரம்பத்தில் அதற்கும் உங்கள் அளவுகோலில் இரண்டு தோல்வி, அதே வரிதான். ஆனால் வாங்குவதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். டிசையர் 4 மீட்டருக்குள் சுருங்கியது 2012ல்தான். அதற்குள் ஐகான் போய்விட்டது. ஒரே வரி, ஒரே நீளம். ஒன்று ஓடுகிறது, இன்னொன்று நிற்கிறது. அப்படியென்றால் வரி காரணமாக இருக்க முடியாது.

இன்னொன்றும் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஆக்சென்ட் வந்ததும் 1999ல்தான், ஐகானுக்கு ஒரு மாதம் முன்னால். ஏறக்குறைய அதே வடிவத்தில் 2013 வரை ஓட்டினார்கள். ஆகவே 'உடம்பு பழசாகிவிட்டது' என்றும் யாரும் சொல்லிவிட முடியாது.

#6 ரோக்காம்_ரசிகன்

வாத்தியார் சொல்வது சரியாகத்தான் படுகிறது. ஐகான் வந்த காலத்தை நினைத்துப் பார்க்கும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. சென்னையைச் சுற்றி மட்டும் மூன்று செடான்கள். திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பூட்டிய மிட்சுபிஷி லான்சர், இருங்காட்டுக்கோட்டையில் ஆக்சென்ட், மறைமலைநகரில் ஐகான். மூன்றும் 1998, 1999 என்ற இரண்டு வருடத்துக்குள் வந்தவை. நாடு முழுக்கச் செடான் வாங்குகிறவர்களின் பார்வை எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பியிருந்த காலம் அது.

#7 வால்வு_சத்தம்

வணக்கம். 26 வருடமாக மெக்கானிக். சொந்தமாகச் சின்ன ஷெட். ஐகான் என் கையில் நிறைய ஓடியிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

வரி, நீளம் எல்லாம் நீங்கள் பேசுங்கள். ஷெட்டுக்கு வருகிற வாடிக்கையாளர் கேட்டது வேறு. "அண்ணே, இதை எடுத்தால் செலவு வைக்குமா?" இதுதான் கேள்வி. ஐகான் பராமரிப்புச் செலவு அதிகம் என்ற பேச்சு சந்தையில் பரவலாக இருந்தது. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வாய்மொழி என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் பேச்சு பரவிவிட்டால் பழைய வண்டி விலை இறங்கும். அது இறங்கினால் புது வண்டி வாங்க நினைப்பவரும் யோசிப்பார். டிசையர் வாங்கியவருக்கு அந்தப் பயமே இல்லை. எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும்.

ஃபோர்டுக்கும் இது தெரிந்திருந்தது. 2010ல் ஃபிகோ என்ற சின்ன கார் வந்தபோது முழு அசெம்பிளியையும் மாற்றாமல் உள்ளே இருக்கும் சின்னப் பாகத்தை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். நல்ல வேலை அது. ஆனால் ஐகானின் பெயருக்கு அது பத்து வருடம் தாமதம்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். ரோக்காம் இன்ஜினை ஒழுங்காக ஆயில் மாற்றி ஓட்டினால் அது ஓடிக்கொண்டே இருக்கும். என்னிடம் வருவதில் பெரும்பாலும் இன்ஜின் வேலை இருக்காது. காய்ந்துபோன ரப்பர், இருபது வருடப் பிளாஸ்டிக், துரு. எந்தப் பழைய வண்டியிலும் இருப்பதுதான்.

#8 ஜிஎஸ்டி_சாலை

வாத்தியார் சாருக்கு நன்றி. டிசையரின் நீளத்தை நான் எடுத்துப் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும். 14 சென்டிமீட்டர்தான் கொன்றது என்ற என் வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். மெக்கானிக் அண்ணனையும் படித்த பிறகு வேறு மாதிரி யோசிக்கிறேன்.

ஐகானுக்கு வீட்டுக்குள்ளேயே இடம் இல்லாமல் போனது. 2005 நவம்பரில் ஃபியஸ்டா செடான் வந்தது. அதே தொழிற்சாலை, 1.4 மற்றும் 1.6 பெட்ரோல், 1.4 டீசல். அது வந்ததும் ஐகானின் 1.6ஐ எடுத்துவிட்டார்கள். 'ஜோஷ்' என்று பெயர் வாங்கிக் கொடுத்த இன்ஜினே அதுதானே! அதை எடுத்த பிறகு மிஞ்சியது விலை குறைந்த குடும்ப வண்டி. ஃபிளேர் என்ற மலிவு வகை ஏற்கெனவே அந்த வழியைப் போட்டிருந்தது. அப்புறம் 2010ல் கீழிருந்து ஃபிகோ. அதே 1.4 டீசல், விலை குறைவு. 2011ல் புது ஃபியஸ்டா வந்தபோது பழைய ஃபியஸ்டாவை 'கிளாசிக்' என்று பெயர் மாற்றி ஒரு படி கீழே இறக்கினார்கள். அந்தப் படியில்தான் ஐகான் உட்கார்ந்திருந்தது. எழுந்துகொள்ள வேண்டியதாயிற்று.

ஹூண்டாயில் ஆக்சென்ட்டுக்கு மேலே வெர்னா என்ற செடான் வந்தபோதும் ஆக்சென்ட்டின் அடையாளமான 1.5 பெட்ரோல் அதனிடமே இருந்தது. வாங்கப் போகிறவருக்கு அது என்ன வண்டி என்பதில் குழப்பம் வரவில்லை. ஐகான் பன்னிரண்டு வருடத்தில் முதலில் ஓட்டுகிறவன் வண்டி, பிறகு மலிவு வண்டி, கடைசியில் டீசல் மைலேஜ் வண்டி என்று மூன்று முறை வேடம் மாற்றியது.

வரி ஒரு காரணம். ஆனால் காரணங்களின் வரிசையில் அது கடைசி என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

#9 கணக்கு_வாத்தியார்

இப்போது எனக்கும் சம்மதம். இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 4 மீட்டருக்குள் ஒரு செடானை ஃபோர்டு இங்கே கொடுத்தது 2015ல்தான், ஆஸ்பயர். அதுவும் குஜராத்தின் சனந்தில் செய்தது. பட்ஜெட் வந்து 9 வருடம் கழித்து.

#10 பாடி_ஷாப்_மணி

இந்தப் பேச்சைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ஐகானுக்குப் பாகம் அனுப்பிய ஒரு சின்னத் தொழிற்சாலையில் 2000லிருந்து வேலை பார்த்தவன். எங்கள் வேலை கதவு ஓரத்தில் வரும் ரப்பர் பீடிங். பார்க்க ஒன்றுமில்லை, ஒரு கருப்பு ரப்பர்க் கயிறு. ஆனால் மூலையில் திரும்பும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மேடு பள்ளம் இருந்தாலும் நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஊளையிடும். மழையில் தண்ணீர் இறங்கும்.

நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்த பையன். அதற்கு முன் பார்த்த பட்டறைகளில் "கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை" என்பதுதான் பேச்சு. இங்கே முதல் வாரமே மேற்பார்வையாளர் என் கையில் இடைவெளியைப் பார்க்கும் மெல்லிய தகடான ஒரு ஃபீலர் கேஜைக் கொடுத்து, மூலையில் வைத்துத் தள்ளச் சொன்னார். தகடு உள்ளே போனால் அந்தத் துண்டு தள்ளுபடி. போகவில்லை என்றால் அடுத்தது. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை அதைச் செய்தேன் என்று தெரியாது. கட்டைவிரலில் காய்ப்பே விழுந்தது. இரண்டாவது வருடம் தகடு வேண்டியிருக்கவில்லை. நகத்தால் தடவினாலே தெரிந்துவிடும்.

ஐகான் நின்ற பிறகு அதே கை ஃபியஸ்டாவுக்கும் ஃபிகோவுக்கும் வேலை செய்தது. பிறகு வேறு கம்பெனி வண்டிகளுக்கும். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எத்தனையோ தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள்.

நீங்கள் எல்லோரும் வண்டி ஏன் நின்றது என்று பேசுகிறீர்கள். அது எங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்பதையும் யாராவது எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். நானே எழுதிவிட்டேன்.

#11 ரோக்காம்_ரசிகன்

மணி அண்ணே, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். என் வண்டியின் கதவு மூலையில் இப்போது போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். 2002 மாடல். இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

#12 நெல்லை_டீசல்

ஏற்றுமதியை யாரும் தொடவில்லையே? ஐகான் தென்னாப்பிரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் போனது. இந்தியாவை மனதில் வைத்து வரைந்து, இங்கே செய்த செடான் இன்னொரு கண்டத்தில் அதே பெயரில் ஓடியது. பிற்பாடு மெக்சிகோவில் நம் ஃபிகோவையே ஐகான் என்ற பெயரைச் சேர்த்து விற்றார்கள். பெயர் இங்கே நின்ற பிறகும் அங்கே வாழ்ந்திருக்கிறது.

#13 புது_ஓட்டுநர்

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரி கடைசி வருடம். பக்கத்துத் தெருவில் ஒரு தாத்தா தன் 2003 ஐகான் 1.6ஐக் கொடுக்கலாம் என்கிறார். அதிகம் ஓடாத வண்டி. வாங்கலாமா? இப்போது வரும் இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பழைய வண்டிக்கு ஆகாது என்கிறார்கள். ஃபோர்டு இங்கே உற்பத்தியையும் நிறுத்திவிட்டதே, பாகம் கிடைக்குமா?

#14 வால்வு_சத்தம்

தம்பி, பொறுமையாகக் கேள்.

அதிகம் ஓடாத வண்டி என்றதும் சந்தோஷப்படாதே. ஓடாமல் நிற்கிற வண்டியில்தான் ரப்பர் காயும், பெட்ரோல் டேங்கில் கசடு சேரும். கிலோமீட்டர் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் வண்டியைத் தூக்கிக் கீழே பார். கதவுக்கு அடியில் நீளமாகப் போகும் தகடு, முன் சஸ்பென்ஷன் மேலே பிடித்திருக்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி. இந்த மூன்று இடத்தில் துரு தின்றிருந்தால் விட்டுவிடு. இன்ஜினைச் சரிசெய்யலாம், உடம்பு போனால் போனதுதான்.

கூலண்ட்டைத் திறந்து பார். பழுப்புத் தண்ணீராக இருந்தால் யாரோ வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தெர்மோஸ்டாட் ஹவுசிங் பிளாஸ்டிக். அந்த வயதில் எந்தப் பிளாஸ்டிக்கும் விரிசல் விடும், அதனால் வாங்கியதும் ஹோஸ்களோடு சேர்த்து மாற்றிவிடு. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

இ20 விஷயம். பிரேசிலில் இதே 1.6 ரோக்காமை 2004லேயே எத்தனாலிலும் ஓடும்படி விற்றார்கள். அதனால் இன்ஜினின் அடிப்படையில் பயமில்லை. ஆனால் அங்கே எரிபொருள் லைன், பம்ப், இன்ஜெக்டர், கணினி எல்லாம் அதற்கென்று செய்தவை. நம் வண்டியில் அப்படி இல்லை. ஆகவே எத்தனால் தாங்கும் ஃப்யூயல் ஹோஸ் போட்டுக்கொள், ஃபில்டரை அடிக்கடி மாற்று, டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்திவைக்காதே. மைலேஜ் கொஞ்சம் இறங்கும், அதற்கு வழியில்லை.

பாகம் கிடைக்கும். இன்ஜின் பாகத்துக்கு அவ்வளவு திண்டாட்டம் இல்லை. விளக்கு, பம்பர், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்தான் கஷ்டம். பழைய வண்டி உடைக்கிற இடத்தில் தேட வேண்டும். அதனால் கண்ணாடி, விளக்கு எல்லாம் முழுசாக இருக்கிற வண்டியாகப் பார்த்து எடு.

#15 ஜிஎஸ்டி_சாலை

தம்பி, அண்ணன் சொன்னதோடு ஒன்று. உன் தெருவில் வெள்ளம் வருமா என்று பார்த்துக்கொள்.

2015 டிசம்பரில் நாங்கள் முடிச்சூரில் இருந்தோம். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் வாசலுக்கு வந்தது, நாலு மணிக்கு ஐகானின் சீட் வரை. தண்ணீர் வடிந்ததும் பக்கத்து வீட்டில் ஒருவர் தன் வண்டியைச் சாவி போட்டுத் திருகினார். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்திருக்கிறது. தண்ணீரை அழுத்த முடியாதே, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. அப்பா எங்கள் வண்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு யாரையும் தொடவிடவில்லை. பேட்டரியைக் கழற்றினார். கட்டி இழுத்துப் போய், பிளக்கைக் கழற்றி, கையால் இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை வெளியே எடுத்தார்கள். ஆயில், கியர் ஆயில் எல்லாம் மாற்றினார்கள். சீட்டையும் கார்பெட்டையும் எடுத்து மொட்டை மாடியில் ஒரு வாரம் காயவைத்தோம். பன்னிரண்டாவது நாள் சாவி திருப்பியபோது முதல் சுற்றிலேயே பிடித்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார்.

ஃபோர்டு நின்றதைக் கேட்டாய். 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். மறைமலைநகரில் கடைசி வண்டி 2022ல் வந்தது, அது ஈகோஸ்போர்ட். 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக அந்தத் தொழிற்சாலையை மறுபடி பயன்படுத்தப் போவதாகத் தமிழ்நாடு அரசுக்குக் கடிதம் கொடுத்தார்கள். அந்த வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் உள்ளே எட்டிப் பார்ப்பது வழக்கம்.

வண்டி பார்க்கப் போகும்போது சொல். ஞாயிறு என்றால் நானும் வருகிறேன். மெக்கானிக் அண்ணே, உங்களால் வர முடியுமா? மணி அண்ணனும் வந்தால் நன்றாக இருக்கும்.

#16 பாடி_ஷாப்_மணி

வருகிறேன் தம்பி. கதவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

#17 வால்வு_சத்தம்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன்னால் போய்விடலாம். தாத்தாவிடம் சொல்லிவிடு தம்பி, நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து நின்ற இன்ஜின் முதல் தடவை எப்படிப் பிடிக்கிறது என்று நான் கேட்க வேண்டும்.